மறுநாள் காலையில் தெரியும்

பேஸ்பாலில் பந்து எறிபவரான பிட்சர் ஒருவர் முப்பத்தாறு வயதில் ஓய்வை யோசிக்கிறார் என்றால், பந்து எறியும்போது வலிக்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த வயதில் வலி இல்லாமல் எறிபவர் யார்? கேட்க வேண்டியது வேறு. எறிந்த மறுநாள் காலையில் கை எப்படி இருக்கிறது? சட்டை மாட்டத் தோள் எழும்புகிறதா? முழங்கை முழுதாக நீள்கிறதா? மூன்றாம் நாள் லேசாகப் பந்து போட்டுப் பழக முடிகிறதா, அல்லது அன்றைக்கும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாரா?

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான எம்எல்பியின் சீசன் ஏறத்தாழ ஆறு மாதம். அதற்குள் 162 ஆட்டம். ஒரு தொடர் முடிந்து அடுத்த தொடர் வரை இடைவெளி விடும் கிரிக்கெட் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை 90, 100 பந்து எறிய வேண்டும். பேட்டர் வாரத்தில் ஆறு நாள் நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் அற்புதமாக ஆடிக் காட்டுவது நாற்பது வயதுக்காரராலும் முடியும். ஆறாம் நாளும் அதையே செய்யச் சொல்லும்போதுதான் வயது பல்லிளிக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் சாண்டி கோஃபாக்ஸ். 1966 சீசனில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக அவர் பெயரில் 27 வெற்றி, 9 தோல்வி, 1.73 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்), 323 இன்னிங்ஸ், 317 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமலே பேட்டரை வெளியேற்றுவது). அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிட்சர் அவர்தான். நவம்பர் 18 அன்று, 30 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார். இடது முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டத்துக்கு முன்னால் கோடீன், ப்யூட்டாசோலிடின் என்ற வலி மாத்திரைகள், தோல் எரியும் அளவுக்கு மிளகாய்ச் சத்துக் களிம்பு, இடையிடையே கார்ட்டிசோன் ஊசி. ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் முழங்கை. இடது கை நேராக நீளாது. களத்தில் பார்த்தவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இன்னும் பத்து வருஷம் ஆடுவார் என்றுதான் தோன்றும். ஆட்டநாளை மட்டும் எண்ணுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த 27 வெற்றிகளுக்கு மருந்து மாத்திரையாகவும் வளைந்த கையாகவும் அவர் கொடுத்த விலை எந்த ஸ்கோர் கார்டிலும் ஏறாது.

அவர் காலத்தில் முழங்கையின் ஜவ்வை மாற்றும் அறுவை சிகிச்சை கிடையாது. எட்டு வருஷம் கழித்து அதே டாட்ஜர்ஸ் அணியில்தான் அது பிறந்தது.

முழங்கையின் உள்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கையின் உல்னா எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஜவ்வு ஒன்று உண்டு. சுருக்கமாக யுசிஎல். பந்தை எறியக் கை பின்னால் சாய்ந்து முன்னால் பாயத் தொடங்கும் நொடியில், முழங்கையை உள்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் முறுக்குவிசை 64 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகிறது. இறந்தவர்களின் கையிலிருந்து எடுத்த ஜவ்வைச் சோதனைக்கூடத்தில் முறுக்கினால் அதில் ஏறத்தாழ பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அப்படியானால் உயிருள்ள பிட்சரின் ஜவ்வு ஏன் ஒவ்வொரு பந்துக்கும் அறுவதில்லை? முன்கைத் தசைகள் சுருங்கி மீதிப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்தால் பாரம் ஜவ்வின் தலையில் விழும். களைத்த கையோடு ஏழாவது இன்னிங்ஸில் எறிவதும், நேற்றைய களைப்பு தீராமல் இன்று எறிவதும் ஆபத்து என்பது இதனால்தான். வயது கூடினால் தசை மீளும் வேகம் குறையும். ஜவ்வில் பழைய சிறு கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன.

1974 ஜூலையில் டாமி ஜான் என்ற இடது கை பிட்சருக்கு இந்த ஜவ்வு அறுந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் ஜவ்வுக்குப் பதிலாக வைத்துக் கட்டினார். எந்தத் தசைநாண் என்று நம் கையிலேயே பார்க்கலாம்: கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டி, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். பால்மாரிஸ் லாங்கஸ். எடுத்துவிட்டாலும் கைக்குப் பெரிய நஷ்டமில்லை. சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அவர்களுக்குத் தொடையின் உள்பக்கத்திலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ ஒரு தசைநாணை எடுப்பார்கள். இரண்டு எலும்பிலும் துளையிட்டு, தசைநாணை அவற்றின் வழியே எட்டு வடிவில் கோத்து இழுத்துத் தைப்பது பழைய முறை. உல்னார் நரம்பு அந்த இடத்தை ஒட்டியே போவதால், அதைத் தொந்தரவு செய்யாமல் வேலையை முடிப்பது பெரிய பாடு. நரம்பு உரசினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். டாமி ஜானுக்கும் நரம்புச் சிக்கல் வந்து இரண்டாவது முறை கத்தி வைக்க வேண்டியிருந்தது. இப்போது இதற்கு இன்னொரு வழியும் உண்டு: ஜவ்வின் பெரும்பகுதி நன்றாக இருந்து ஒரு முனையில் மட்டும் கழன்றிருந்தால், அதையே தைத்து மேலே ஒரு செயற்கை நாடாவை முட்டுக்கொடுப்பதுபோல் பொருத்திவிடுகிறார்கள். மீள்வதற்கு மாதங்கள் மிச்சம். ஆனால் நார் நாராகத் தேய்ந்துபோன பழைய ஜவ்வுக்கு இது ஒத்துவராது. மூத்த பிட்சர்களின் ஜவ்வு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

அறுவை முடிந்து ஒரு வாரம் கை 90 டிகிரியில் கட்டப்பட்டிருக்கும். பிறகு கீல் வைத்த பட்டையில் வாரம் வாரமாக மடக்கி நீட்டும் அளவைக் கூட்டுவார்கள். நான்கைந்து மாதத்தில் முதல் பந்து. 45 அடி தூரத்துக்கு, அதாவது சுமார் 14 மீட்டருக்கு, தட்டிவிடுவது மாதிரி. 25 எறிதல், ஐந்து பத்து நிமிட இடைவெளி, மறுபடி 25. ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் 60 அடி, 90, 120. ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டில் ஏறுவதற்கு எட்டு ஒன்பது மாதமாகும். பேட்டரை எதிரில் நிறுத்தி எறிவது அதற்கும் பிறகு. எம்எல்பி ஆட்டத்துக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம்.

இந்தப் படிகளில் எப்போது ஏறலாம், எப்போது இறங்க வேண்டும் என்பதற்குப் பயிற்சியாளர்கள் கையில் ஒரு விதி இருக்கிறது. கையில் வலியே இல்லையென்றால் அடுத்த படி. வார்ம்அப்பில் வலித்து முதல் 15 எறிதலுக்குள் போய்விட்டால் அதே படியைத் திரும்பச் செய். எறிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் வலித்தால், அல்லது மறுநாள் வலித்தால், ஒரு நாள் ஓய்வு, மறுபடி அதே படி. 15 எறிதல் தாண்டியும் வலி நின்றால் அன்றைக்கு மூட்டை கட்டு. இரண்டு நாள் ஓய்வு, ஒரு படி கீழே. இளைஞருக்கும் கிழவருக்கும் விதி ஒன்றுதான். மூத்தவர் அந்தக் கடைசி மூன்று வரிகளிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார் என்பதுதான் வித்தியாசம். 90 அடியில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. எங்கும் கிழியவில்லை, ஸ்கேன் சுத்தம், ஆனால் நகர முடியவில்லை. ஓய்வு பற்றிய உண்மையான யோசனை அந்த 90 அடியில்தான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

டாமி ஜான் அறுவையின்போது 31 வயதுக்காரர். 1976-ல் திரும்பி வந்து 1989 வரை, 46 வயது வரை எறிந்தார். மொத்த 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிந்தியவை. ஜஸ்டின் வெர்லாண்டர் 2020-ல், 37 வயதில் இதே அறுவையைச் செய்துகொண்டு, 2022-ல் 18 வெற்றி 4 தோல்வி, 1.75 இஆர்ஏ என்று வந்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைத் தட்டிப் போனார். மூத்த பிட்சர் எல்லோரும் இந்த இரண்டு பெயரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். இது கொஞ்சம் மோசமான கணக்கு. வெர்லாண்டருக்கு அதற்குமுன் முழங்கையில் கத்தி படவில்லை. இரண்டாம் முறை அதே ஜவ்வை மாற்றிக்கொள்கிறவருக்கு வாய்ப்பு குறைவு: எலும்பில் ஏற்கெனவே துளைகள், சுற்றிலும் தழும்பு, நல்ல தசைநாணும் செலவாகியிருக்கும். 36 வயதில் இரண்டாவது அறுவை என்றால் திரும்பும்போது 38. திரும்பிய முதல் ஆண்டில் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. அப்படியானால் அவர் ஒப்புக்கொள்வது 39-வது வயதில் ஆடப்போகும் ஒரு சீசனுக்காக.

முழங்கை கிழிந்தால் காலண்டர் பார்க்கலாம். தோள் கிழிந்தால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். தோள் மூட்டு ஒரு பெரிய பந்து சின்னத் தட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. தட்டின் விளிம்பை உயர்த்தும் குருத்தெலும்பு வளையம் லேப்ரம். சுற்றிப் பிடிக்கும் நான்கு தசைகள் ரொட்டேட்டர் கஃப். எல்லாவற்றையும் மூடியிருக்கும் உறை காப்ஸ்யூல். பிட்சரின் கை பின்னால் சாயும் கோணம் சாதாரண ஆளுக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. பல வருஷம் எறிந்து எறிந்து முன்பக்க உறை தளர்ந்துதான் அந்தக் கோணம் கிடைக்கிறது. அறுவை நிபுணரின் சங்கடம் இதுதான்: தளர்ச்சியை முழுதும் இறுக்கித் தைத்தால் தோள் நிலையாகும், கோணம் போய்விடும், கோணத்தோடு வேகமும் போய்விடும். தளர்வாக விட்டால் மறுபடி கிழியும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது.

யோஹான் சான்டானாவுக்கு 2010 செப்டம்பரில் முன்பக்க உறையைத் தைத்தார்கள். 2011 முழுக்க எம்எல்பியில் ஆடவில்லை. 2012 ஜூன் 1 அன்று கார்டினல்ஸுக்கு எதிராக 134 பந்து எறிந்து மெட்ஸ் அணியின் வரலாற்றில் முதல் நோ-ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை, போட்டார். அதே ஆகஸ்டோடு அவருடைய எம்எல்பி வாழ்க்கை முடிந்தது; 2013 வசந்தத்தில் அதே உறை மறுபடி கிழிந்தது. 134 பந்துதான் தோளைத் தின்றது என்று இன்றும் சொல்வார்கள். நிரூபிக்க முடியாத வழக்கு. தைத்த தோள் எத்தனை பந்து தாங்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்கேனை நம்பி முடிவெடுக்கலாமா? டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் ஒருமுறை வலி எதுவுமில்லாத 31 பிட்சர்களின் தோளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேருக்குக் குருத்தெலும்பில் கோளாறு. கிட்டத்தட்ட அதே அளவுக்கு ரொட்டேட்டர் கஃபிலும். எல்லோரும் நன்றாக எறிந்துகொண்டிருந்தவர்கள். படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதற்காகக் கத்தியைத் தூக்கினால் ஆடிக்கொண்டிருக்கிற பாதிப் பேரைப் படுக்கவைக்க வேண்டியதுதான். படத்தைவிட நம்பகமானவை சில்லறை அளவுகள்: இரண்டு தோளின் சுழலும் கோணத்தில் வித்தியாசம், கைப்பிடி வலு, ஃபாஸ்ட்பால் வேகம் முதல் இன்னிங்ஸிலும் ஐந்தாவதிலும், பந்து கையை விட்டுப் பிரியும் உயரம். அந்த உயரம் மாதத்துக்கு மாதம் இறங்கினால் பிட்சர் தன்னையறியாமல் தோளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று பொருள்.

காப்பாற்றப் பார்ப்பதுதான் அடுத்த காயத்தின் வாசல். 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஏர்ல் அவெரில் அடித்த பந்து பிட்சர் டிஸி டீனின் காலில் பட்டு விரல் முறிந்தது. மூன்று வருஷம் முன்பு 30 வெற்றி பெற்றவர். விரல் ஆறுவதற்குள் திரும்பி வந்தார், கால் ஊன்ற முடியாததால் எறியும் விதத்தை மாற்றினார், கை போயிற்று. கால் விரல் முறிந்ததற்குக் கையைப் பறிகொடுத்த கதை. முழங்காலுக்குப் பயந்தால் இடுப்பு, இடுப்புக்குப் பயந்தால் முதுகு, முதுகுக்குப் பயந்தால் தோள். மூத்த ஆட்டக்காரரின் காயப் பட்டியலைத் தேதி வரிசையில் படித்தால் பெரும்பாலும் ஒரே காயம் இடம் மாறி இடம் மாறி வருவது தெரியும்.

பிட்சரை விட்டு மற்றவர்களிடம் வந்தால், முதுகெலும்பும் கழுத்தும்தான் முடிவைத் தள்ளிப்போட விடாதவை. நியூயார்க் மெட்ஸின் கேப்டன் டேவிட் ரைட்டுக்கு 2015 மே மாதம் தண்டுவடக் கால்வாய் குறுகல் என்று கண்டுபிடித்தார்கள். நரம்பு போகும் குழாயே ஒடுங்கிப்போவது. உடற்பயிற்சியால் குழாயை அகலமாக்க முடியாது. அந்த ஆகஸ்டில் திரும்பி வந்து முதல் முறை பேட் பிடித்தபோதே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதற்கு அவர் கொடுத்தது ஆட்டத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நீட்டல், சூடேற்றல், மெல்ல மெல்லக் குனிந்து நிமிர்தல். ஒன்பது இன்னிங்ஸ் ஆட ஒரு முழு வேலைநாள் தயாரிப்பு. 2016-ல் கழுத்து, 2017 செப்டம்பரில் தோள், அடுத்த மாதமே முதுகு என்று மூன்று அறுவை. 2016 மே 27-க்குப் பிறகு இரண்டேகால் வருஷம் எம்எல்பி களம் காணவில்லை. 2018 செப்டம்பர் 28 அன்று ஒரு முறை பேட் பிடிக்க வந்தார். 29 அன்று மூன்றாம் பேஸில் ஃபீல்டராக நின்று தொடங்கினார். பேட்டராக ஒரு வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்), ஒரு ஃபவுல் அவுட் (கோட்டுக்கு வெளியே அடித்த பந்து பிடிபடுவது), ஐந்தாவது இன்னிங்ஸில் வெளியே. ஒரு நாள் ஆட முடிந்ததே, அப்புறம் ஏன் ஓய்வு என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு நாள்தான் முடிந்தது, அதனால்தான்.

பேட்டருக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: குந்தி உட்காரும் வேலையை விட்டு முதல் பேஸுக்குப் போவது. மூளை அதிர்ச்சிக்குப் பிறகு ஜோ மாவர் அப்படித்தான் மாறினார். பஸ்டர் போஸி மாறவில்லை. 2011-ல் மோதலில் கால் எலும்பு முறிவு, 2018-ல் இடுப்பு அறுவை, 2021-ல் .304 பேட்டிங் சராசரியோடு (பத்துக்கு மூன்று ஹிட்) ஆடிவிட்டு, 34 வயதில் விடைபெற்றார். அடுத்த ஆண்டுக்கு 2.2 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் வாய்ப்பு அணியின் கையில் காத்திருந்தது.

பணத்தைப் பேசாமல் இந்த முடிவைப் பேசுவது பாசாங்கு. எம்எல்பி ஒப்பந்தம் உத்தரவாதமுள்ளது: ஆட்டத்தில் காயம்பட்டு ஆட முடியாமல் போனால் சம்பளம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் 'நான் ஓய்வு பெறுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டு விருப்ப ஓய்வுப் பட்டியலுக்குப் போனால் மீதிச் சம்பளம் போச்சு. ஒரு சொல்லின் விலை கோடிக்கணக்கான டாலர். ஆகவேதான் இனி ஆடப்போவதில்லை என்று ஊரே அறிந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு வசந்தத்திலும் காயப்பட்டவர்களுக்கான 60 நாள் இன்ஜர்டு லிஸ்டில் மறுபடி மறுபடி ஏற்றப்படுகிறார். அந்தப் பட்டியலில் இருந்தால், அணி வைத்துக்கொள்ளக்கூடிய 40 பேர் கணக்கில் இடம் அடைபடாது. ஓய்வூதியத்துக்கு எண்ணப்படும் சேவை நாட்களும் கூடும்.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பிரின்ஸ் ஃபீல்டருக்குக் கழுத்தில் 2014-லும் 2016-லும் அறுவை. இனி ஆட மருத்துவர்கள் அனுமதிக்க மாட்டார்கள் என்று 2016 ஆகஸ்ட் 10 அன்று அழுதபடி சொன்னார். ஓய்வு என்ற சொல் காகிதத்தில் ஏறவில்லை. ஆண்டுக்கு 2.4 கோடி டாலர் 2020 வரை ஓடியது. ரேஞ்சர்ஸ், அவருடைய பழைய அணியான டைகர்ஸ், காப்பீட்டு நிறுவனம் மூன்றும் பங்கிட்டுக் கொடுத்தன.  எதிர்ப்பக்கத்தில் பிட்சர் கில் மெச்: தோள் போனதும் 2011 ஜனவரியில், கடைசி ஆண்டுக்குரிய 1.2 கோடி டாலரை வேண்டாம் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மெச் செய்தது பெருந்தன்மை. அதை வைத்து ஃபீல்டரைக் குறை சொல்வது தவறு. உடம்பைப் பணயம் வைத்தபோது போட்ட ஒப்பந்தம் அது.

இரண்டுக்கும் நடுவில் இழுபறி பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குடையது. 2019 டிசம்பரில் 7 ஆண்டு, 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்பின் எட்டே ஆட்டம், 31 இன்னிங்ஸும் கொஞ்சமும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பு நசுங்கும் கோளாறு. 2021-ல் அறுவை செய்தும் தேறவில்லை. 2023 செப்டம்பரில் ஓய்வை அறிவிக்க இருந்த கூட்டம் ரத்தானது. 2024 ஏப்ரலில்தான் அது காகிதத்தில் முடிந்தது. அணிகள் பெரிய ஒப்பந்தங்களுக்குக் காப்பீடு எடுப்பதுண்டு. ரைட்டின் சம்பளத்தில் 75 சதவீதத்தைக் காப்பீடு ஈடுகட்டியது. ஏற்கெனவே அடிபட்ட உறுப்புக்குக் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பிரீமியம் எகிறும். காப்பீடு இல்லாத ஒப்பந்தத்தில் அணிக்கும் ஆட்டக்காரருக்கும் பேரம் பேசுவதைத் தவிர வழியில்லை: எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டுத் தவணை.

சம்பளத்துக்கு வெளியே ஒரு சின்னக் கணக்கும் உண்டு. 172 நாள் எம்எல்பி அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. 43 நாளிலேயே ஓய்வூதிய உரிமை தொடங்கும். முழு அளவுக்குப் பத்து ஆண்டு வேண்டும். ஒன்பது ஆண்டு 120 நாளில் நிற்பவர் இன்னும் 52 நாள் தாக்குப்பிடித்தால் போதும். இன்ஜர்டு லிஸ்டில் இருந்தாலும் நாள் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் பிடிவாதமாகத் தெரியும் ஏப்ரல், மே மாதங்களுக்குப் பின்னால் சில சமயம் இந்த 52 நாள் இருக்கும்.

கோஃபாக்ஸ் நவம்பர், போஸி நவம்பர், முதுகு உடைந்துபோன ராய் ஹாலடே டிசம்பர், மெச் ஜனவரி, முழங்கால் போன டஸ்டின் பெட்ரோயா பிப்ரவரி. அறிவிப்புகள் இப்படிக் குளிர்காலத்தில் குவிவது தற்செயல் அல்ல. அக்டோபர் வரை மாத்திரையும் ஊசியும் உண்மையை மறைத்திருக்கும். சீசன் முடிந்ததும் அவை நிற்கும். மருந்தில்லாத உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆட்டக்காரருக்கே அப்போதுதான் தெரியவரும். ஆறு வாரம் பந்தைத் தொடாமல் இருந்துவிட்டு, டிசம்பரில் ஒரு நாள் யாராவது ஒருவரை 45 அடியில் நிறுத்தி 25 பந்து எறிவார், உட்காருவார், இன்னும் 25 எறிவார். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரவு தூங்கி எழுந்து, காபிக் கோப்பையை எந்தக் கையால் எடுக்கிறார் என்று அவரே கவனிப்பார்.